ஒண்ணரைச் சப்பாத்து நானா

மலாயாவின் ஈப்போவில் அந்த நாளில் நேராக நடந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே ஒரு மனிதருக்குப் பயந்துதான் நேராக நடந்தார்கள். நான் அளந்துவிடுகிறேன் என்று நினைத்தால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் பழைய டவுன் பக்கம் போய்வந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். போலீஸ்காரரைக் கண்டு அசையாத ஆசாமிகள்கூட ஒண்ணரைச் சப்பாத்து நானாவைக் கண்டால் சட்டென்று ரோட்டைத் தாண்டி எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார்கள்.

அவருடைய வாப்பா அவருக்கு ஒரு நல்ல பெயர் வைத்துத்தான் இருப்பார். அது என்னவென்று கடைசிவரை எனக்குத் தெரியாது. ஒரு காலுக்கு ஓர் அடுக்கு அடித்தோல், மறு காலுக்கு ஒன்றரை அடுக்கு என்று ஜோடி சேராத சப்பாத்துகளைத் தைத்து விற்றதால் ஊர் வைத்த பெயர்தான் நிலைத்தது. அவரும் அதற்குக் கோபப்பட்டதில்லை. "நம்ம வேலை என்னான்னு ஊருக்கே தெரியுதுலா" என்று சிரிப்பார்.

காலுக்கு வருவதற்கு முன் அவர் தலையில் இருந்தார். அதாவது, சொங்கோக் என்கிற கறுப்பு வெல்வெட் தொப்பி தைத்து விற்றுக்கொண்டிருந்தார். வாங்கிப் போன ஒருவர் திரும்பி வந்து, "நானா, தொப்பி ஒரு பக்கமா சாயுது" என்று குறை சொல்லியிருக்கிறார். வேறு யாராவது என்றால் தொப்பியைப் பிரித்துத் தைத்துக் கொடுத்திருப்பார்கள். நம் நானா அந்த மனிதரைக் கடைக்குள் இப்படியும் அப்படியும் நடக்கவிட்டுப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"தொப்பி நேராத்தான் இருக்கு. நீதான் சாஞ்சிருக்கே. உன் இடது காலு கட்டை."

அன்றோடு தொப்பியை ஓரங்கட்டிவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டார். கடையில் மேல் தட்டில் தொப்பி, கீழ்த் தட்டில் சப்பாத்து. தொப்பி வாங்க வந்தவன் காலைக் காட்டாமல் வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை.

முட்டி வலி, இடுப்பு வலி, குதிகால் வலி என்று யார் வந்தாலும், எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்கவே மாட்டார். "நட" என்பார். நடந்தால், பின்னாலேயே அவரும் நடப்பார். வெறுமனே இல்லை. நீங்கள் நொண்டினால் அவரும் நொண்டுவார். நீங்கள் இடுப்பில் கை வைத்தால் அவரும் வைப்பார். நீங்கள் "ஸ்ஸ்" என்றால் அவரும் "ஸ்ஸ்" என்பார்.

"ஏன் நானா மனுஷனைக் கேலி பண்றீங்க?" என்று கேட்டால் கண்ணை உருட்டுவார். "கேலியா? உன் வலி என் காலுக்கு வரணும் தம்பி. வந்தாத்தானே எங்க தூக்கணும், எங்க எறக்கணும்னு தெரியும்?"

கடைக்குள் இது பரவாயில்லை. கேட்டு வந்தவன் பட்டுக்கொள்கிறான். ஆனால் நானாவுக்குக் கடை, வீதி என்ற பேதமெல்லாம் கிடையாது. நல்ல நொண்டலாக ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், கையிலிருந்த ஊசியை அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே கிளம்பிவிடுவார். ஒரு தடவை ஒரு பஞ்சாபிப் போலீஸ்காரர் பின்னால் பாலம்வரைக்கும் அவர் மாதிரியே வலது காலை இழுத்து இழுத்துப் போனார். போலீஸ்காரர் நின்றால் இவரும் நிற்பார். அவர் திரும்பினால் இவர் ஆற்றைப் பார்ப்பார். கடைசியில் கழுத்தைப் பிடித்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே போய் இவர் என்ன செய்தார் தெரியுமா? இருந்த போலீஸ்காரர்களையெல்லாம் ஒவ்வொருவராக நடக்கச் சொல்லி, ஒவ்வொருவர் மாதிரியும் நடந்து காட்டியிருக்கிறார். சிரித்து முடித்துவிட்டு அவர்களே டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பஞ்சாபிக்காரர் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, சீருடை இல்லாமல், பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே நானா கடைக்குள் நுழைந்ததை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

எப்படிப் பார்த்தேன் என்றால், நானா கடைக்கு நேர் எதிரே இருந்த ஜவுளிக் கடையில்தான் நான் சிப்பந்தி. ஜவுளி மூட்டையை வலது தோளில் தூக்கிக்கொண்டு நான் எத்தனை தரம் அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் கூரைக்கடியில் ஓடுகிற நடைபாதையில், நடந்தாலும் அத்தனை தரமும் பின்னால் ஒரு ஜோடிக் கால் சத்தம் கேட்கும். "தம்பி, ஒரே தோள்ல சொமக்காதே. இன்னைக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு நாளைக்கு இடுப்பு கேக்கும்." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபது வயசுக்காரனிடம் இடுப்பைப் பற்றிப் பேசுகிற மனிதரை என்ன செய்வது?

கல்யாணக் கதையைச் சொல்லாவிட்டால் நானா ஆவி என்னை மன்னிக்காது. மேளதாளத்தோடு மாப்பிள்ளை அழைத்து வருகிறார்கள். ஊர்வலம் கடையைத் தாண்டுகிறது. திடீரென்று நானா கூட்டத்தில் புகுந்து, "நிறுத்துங்க! மாப்பிள்ளைக்கு வலது காலு கட்டை!" என்று கத்தினார் பாருங்கள், நாதஸ்வரக்காரருக்கு மூச்சே நின்றுவிட்டது.

பெண்ணைப் பெற்றவர் முகம் வெளுத்துவிட்டது. "அடப் பாவிகளா! கொறை உள்ள பையன எங்க தலையில கட்டப் பாத்தீங்களா?" மாப்பிள்ளையின் தாய்மாமன் சட்டைக் கையை மடித்துவிட்டார். நான் ஓடிப்போய் நானாவை இழுக்கிறேன், அவர் அசைந்தால்தானே! மடியிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

"சண்டை எதுக்கு? ரெண்டு வீட்டு ஆம்பளைங்களும் வரிசையா நில்லுங்க. எவனுக்கு ரெண்டு காலும் ஒண்ணா இருக்குன்னு பாத்துருவோம்."

நடுரோட்டில் நிற்க வைத்து அளந்தார். ஒருத்தருக்குக்கூட இரண்டு காலும் சரியாக இல்லை. இருப்பவற்றிலேயே பெரிய கட்டை, சத்தம் போட்ட பெண்ணின் அப்பாவுக்குத்தான். அதுவும் வலது கால். "மாமனாருக்கும் மருமகனுக்கும் ஒரே கால்ல கட்டை! எந்த ஜோசியக்காரன் பாத்துச் சொல்லுவான் இந்தப் பொருத்தத்த?" என்றார் நானா. மேளம் மறுபடி முழங்கியது. பந்தியில் மாமனார் பக்கத்திலேயே நானாவுக்கு இலை போட்டார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவரைப் பெரிய மேதை என்று நினைத்துவிட வேண்டாம். அவர் கெடுத்த கால்களும் உண்டு. ஆரம்பத்தில், ஊரைச் சுற்றி ரப்பர் இருக்கும்போது தோலுக்கு எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று, புகை போட்ட ரப்பர் தகட்டை அப்படியே வெட்டி அடியில் ஒட்டினார். மெத்தென்றுதான் இருந்தது, வெயில் வரும்வரைக்கும். இடுப்புப் பிடித்த ஒரு வக்கீல் குமாஸ்தா அதைப் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் சிமெண்டுத் தரையில் நின்று பேசிக்கொண்டிருந்தார். வக்கீல் கூப்பிட்டார். குமாஸ்தா போனார். சப்பாத்துகள் போகவில்லை. அவை இரண்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தன. கரண்டியும் வெந்நீருமாக நாங்கள் நாலு பேர் சுரண்டி எடுத்தோம். நானாவுக்கு வெட்கமாவது ஒன்றாவது! "பாத்தீங்களாலா, என்ன பிடிமானம்!" என்றார்.

அடுத்தாற்போல் ஒரு ஈயச் சுரங்கத்துச் சீனத் தவுக்கே, அதாவது முதலாளி. முட்டி வலிக்கு வாங்கிப் போன சப்பாத்து அடிக்கு அடி கீச்சிட்டது. தவுக்கே வருவது சுரங்கம் முழுக்கக் கேட்கும். தூங்கிக்கொண்டிருந்த கூலிகள் அவர் வருவதற்குள் எழுந்து மண்வெட்டியைப் பிடித்துக்கொள்வார்கள். "காசுட் மெனாங்கிஸ்!" என்று வந்து மலாய் மொழியில் கத்தினார். சப்பாத்து அழுகிறதாம். நானா அவரை நடக்கவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். "சப்பாத்து அழுவுது, சரி. முட்டி அழுவுதா?" தவுக்கே உட்கார்ந்து எழுந்து பார்த்தார். யோசித்தார். முனகிக்கொண்டே கீச் கீச்சென்று போய்விட்டார்.

நானா கடைக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, உள்ளே வரும்போது யாரும் காலில் இருப்பதைக் கழற்றக் கூடாது. நம் ஆட்களுக்குப் பழக்கம் விடுமா? வாசலில் கழற்றிவிட்டுத்தான் நுழைவார்கள். "மாட்டு! இது கோயிலா, பள்ளிவாசலா? வெறுங்காலோட வந்தா நான் என்னத்தப் பாக்குறது?" என்று கத்தித் திருப்பி அனுப்புவார். இரண்டாவது சட்டம் இன்னும் பொல்லாதது. அவர் தைப்பதைச் செருப்பு என்று யாரும் சொல்லக் கூடாது. வாய் தவறி "நானா, என் செருப்பு ஆச்சா?" என்று கேட்டவனை, அளவெடுத்துத் தைத்து முடித்ததைக்கூடக் கொடுக்காமல் விரட்டியிருக்கிறார். "செருப்பு தெருவுல விக்கிறான், அங்க போ. இங்க இருக்கிறது சப்பாத்து. சொல்லு, சப்பாத்து!" ஈப்போவில் எத்தனையோ முட்டி வலிக்காரர்கள் அவர் கடை வாசலில் நின்று பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பதுபோல் "சப்பாத்து, சப்பாத்து" என்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் என் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அக்கா பாக்கியம் கோப்பெங் போகிற வழியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் அப்பாவும் அம்மாவும் அதே தோட்டத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவர்கள். அதற்கப்புறம் எனக்குச் சோறு போட்டது, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, ஈப்போவில் வேலைக்குச் சேர்த்துவிட்டது எல்லாம் அவள்தான். ஒரு மழைநாளில் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் இரண்டு பால் வாளியையும் தொங்கவிட்டுக்கொண்டு மலைச்சரிவில் இறங்கும்போது வழுக்கி விழுந்து வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் கட்டினார்கள். எலும்பு சேர்ந்தது, ஆனால் கட்டையாகச் சேர்ந்தது. நடந்தால் ஒரு பக்கம் விழுந்து விழுந்து எழுவாள். முதலில் இடுப்பு, பிறகு முதுகு, பிறகு நல்ல காலின் முட்டி என்று வலி ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போனது.

வலியைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவளுக்குக் கொடுத்த மரங்களை மற்றவர்களோடு முடிக்க முடியவில்லை. கங்காணி சொல்லிவிட்டார்: "மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன் பாக்கியம். முடியலன்னா பேரு வெட்டிட்டு ஊருக்குக் கப்பல் ஏத்திருவேன்." எந்த ஊருக்கு? அங்கே எங்களுக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. நானோ கடை மாடியில் ஆறேழு ஆண்பிள்ளைகளோடு பாய் விரித்துப் படுக்கிறவன். அக்காவை எங்கே வைத்துக்கொள்வேன்?

ஆஸ்பத்திரி டாக்டர்தான் வழி சொன்னார். "ஒரு பக்கம் ஒசத்தி வெச்ச சப்பாத்து போட்டா இடுப்பு நேராயிடும்மா. சீமையில செய்வாங்க. இங்கன்னா..." என்று இழுத்தவர் சிரித்துவிட்டார். "பழைய டவுன்ல ஒருத்தர் இருக்காரு. கொஞ்சம் ஒரு மாதிரி. போய்ப் பாருங்க."

அது யாரென்று எனக்குச் சொல்ல வேண்டுமா? அக்காவை நடக்கச் சொன்னார் நானா. அவள் நடந்தாள். பின்னாலேயே இவர், அதே மாதிரி விழுந்து விழுந்து எழுந்துகொண்டு. கடையின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பியவர் பாதியில் நின்றுவிட்டார். தரையில் அப்படியே உட்கார்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அக்காவை அண்ணாந்து பார்த்தார். எனக்குப் பயமாகிவிட்டது.

"தங்கச்சி," என்றார். "இத வெச்சுக்கிட்டா மலையில ஏறி மரம் வெட்டுறே?"

அக்கா அதுவரை யாரிடமும் அழுததில்லை. எலும்பு முறிந்தபோதுகூட அழவில்லை. அன்றைக்கு நானா கேட்டதும் பொலபொலவென்று கொட்டிவிட்டாள். ஆறுதல் சொல்ல எத்தனையோ பேர் இருந்தார்கள். அந்த வலி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான்.

சப்பாத்து தயாரானது. எத்தனையோ செய்திருக்கிறார், ஆனால் அதைப்போல் ஒன்றை நான் பார்த்ததில்லை. வலது பக்கம் கிரேப் ரப்பரும் தோலும் மாற்றி மாற்றி அடுக்கி உயர்த்தி, வெளியே தெரியாமல் கறுப்புத் தோல் போர்த்தி, வாரில் சின்னதாகப் பித்தளைக் கொக்கி வைத்திருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு சட்டம் பேசினார்: "சொல்லு தங்கச்சி, இது என்ன?"

"செருப்பு நானா."

"சப்பாத்துன்னு சொல்லு."

"அது தொரைமாருங்க போடுறதுக்குப் பேரு நானா. என் காலுக்கு அந்தப் பேரு எதுக்கு? செருப்புன்னே இருந்துட்டுப் போவட்டும்."

நானா எவ்வளவோ மன்றாடினார். அக்காவுக்கு நாக்கு புரளவே இல்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தச் சொல்லே பெரிய இடத்துச் சொல். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சட்டத்தைத் தளர்த்தி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுத்தார். அக்கா மாட்டிக்கொண்டு நின்றாள். ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி வைத்தாள். விழவில்லை. "டேய் தம்பி, நான் ஒசந்துட்டேன்டா!" என்று கையைத் தட்டிச் சிரித்தாள். நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பிரச்சனை அதற்குப் பிறகுதான் வந்தது. தோட்டத்தில் பெரட்டு என்று ஒன்று உண்டு. விடியும் நேரத்தில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்கள். பெரட்டுக் களத்தில் காலில் எதையும் மாட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. எழுதிப் போட்ட சட்டமில்லை, எல்லாருக்கும் தெரிந்த சட்டம். அக்கா முதல் நாள் அந்தச் சப்பாத்தோடு போய் நின்றதும் கங்காணிக்குக் கண் சிவந்துவிட்டது.

"கழட்டு! கோட்டு போட்ட நானே தொரை முன்னாடி வெறுங்கால்ல நிக்கிறேன். நீ யாரு, தொரைசாணியா? வெட்டுக்காட்டுலயும் போடக் கூடாது. வீட்டுல வெச்சு பூசை பண்ணு. இன்னொரு தரம் கால்ல பாத்தேன், மாசக் கடைசியெல்லாம் கெடையாது, அன்னைக்கே பேரு வெட்டு!"

அக்கா மறுபடி மரத்துக்கு மரம் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். மாதம் முடியப் போகிறது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து நானாவிடம் சொன்னேன். "பூசை பண்ணவா? என் சப்பாத்தையா?" என்று குதித்தார். குதித்து முடித்து, "தங்கச்சி இப்ப எப்படி நடக்குது?" என்று கேட்டார். நடந்து காட்டினேன். அன்று மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு என்னோடு கோப்பெங் பஸ்ஸில் ஏறினார். பஸ்ஸில் ஏறிய ஒரு ஆள் நன்றாக நொண்டினான். அவனைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் அக்கா குடியிருந்த லயத்து வீட்டில் உட்கார்ந்து, பிறைமாடத்தில் இருந்த சப்பாத்தை எடுத்துத் தரச் சொன்னார். மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து வாரை அறுத்தார்.

"நானா! என்ன பண்றீங்க?"

"பேசாம இரு தம்பி."

பித்தளைக் கொக்கியைப் பிய்த்தார். கறுப்புத் தோலை உரித்தார். மிஞ்சிய அடிப்பாகத்தில் அக்காவின் பழைய சேலையைக் கிழித்து நீள நீளமாகத் தைத்தார். என் முன்னால்தான் எல்லாம் நடந்தது. சொந்தப் பிள்ளைக்குக் காது குத்தும்போது தகப்பன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

மறுநாள் பெரட்டு. அக்கா இரண்டு காலிலும் சேலைத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். நேராக நின்றாள். நானும் நானாவும் ஓரமாக நின்றோம். கங்காணி தலைப்பாகையும் கோட்டுமாக வந்தார். அவர் குதிகாலைத் தரையில் வைக்காமல் விரலால் தத்தித் தத்தி நடப்பவர். அதைத்தான் கங்காணி மிடுக்கு என்று தோட்டமே நினைத்திருந்தது. பக்கத்தில் பார்க்கிறேன், நானாவைக் காணோம்.

கங்காணிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். தத்தித் தத்தி.

கெஞ்ச வந்த மனிதர் செய்கிற வேலையா இது? வரிசையில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். கங்காணி சுழன்று திரும்பினார். ஒற்றைக் காலைத் தூக்கியபடியே நின்றார் நானா. அக்கா என்னைப் பார்த்தாள். முடிந்தது, இன்றைக்கே பேரு வெட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

"யாருய்யா நீ? என் தோட்டத்துல என்னையே கேலி பண்றியா?" என்ற கங்காணியின் பார்வை அக்காவின் காலுக்குப் போனது. "ஓகோ, நீதான் அந்தச் சப்பாத்துக்காரனா? துணி சுத்துனா எனக்குத் தெரியாதா? சொல்லு, அது சப்பாத்துதானே?"

ஈப்போவில் எத்தனை பேரை வாசலில் நிற்க வைத்து அந்தச் சொல்லைச் சொல்ல வைத்த மனிதர்! அக்காவிடம் எவ்வளவு மன்றாடினார் அந்த ஒரு சொல்லுக்காக! நானா தூக்கிய காலைக் கீழே வைத்தார்.

"சப்பாத்துங்களா?" என்றார். "இதப் போயி யாராச்சும் சப்பாத்தும்பாங்களா ஐயா? வாரு இருக்கா? கொக்கி இருக்கா? இது வெறும் கட்டு. ஒடஞ்ச காலுக்குப் போடுற கட்டு. நான் சப்பாத்து தைக்கிறவனே இல்லீங்க. தொப்பி தைக்கிறவன்."

கங்காணி குனிந்து துணியைப் பார்த்தார். வாரைத் தேடினார். இல்லை. அக்காவை நடக்கச் சொன்னார். அவள் களத்தின் அந்தக் கோடிவரை போய் நேராகத் திரும்பி வந்தாள்.

"கட்டுன்னா சரி" என்றார் கங்காணி. "ஒடஞ்ச காலுக்குக் கட்டு போடாதேன்னு நான் எப்பச் சொன்னேன்?" ஆட்களை அனுப்பிவிட்டு, எங்கள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஏன்யா, நீ நடந்தியே என்னைய மாதிரி... அந்தக் குதிகால் குத்தலுக்கும் கட்டு இருக்கா?"

அந்த மாதம் அக்காவின் பேரை யாரும் வெட்டவில்லை. அதற்கடுத்த மாதமும் வெட்டவில்லை. கங்காணியே தலைப்பாகைத் துணியில் கட்டுப் போட்டுக்கொண்டு துரை முன்னால் நின்ற பிறகு, தோட்டத்தில் முட்டி நொந்தவர், முதுகு நொந்தவர் எல்லாரும் கட்டுக்கு வரிசையில் நின்றார்கள். நானா மாதா மாதம் வந்து போனார். ஆனால் அவருக்கு வந்த சோதனையைக் கேளுங்கள். தோட்டம் முழுக்க அவருக்குக் கட்டு நானா என்று பெயர் வைத்துவிட்டார்கள். "கட்டு நானா, என் கட்டு தேஞ்சு போச்சு." "கட்டு நானா, எனக்கொரு கட்டு." ஒவ்வொரு தரமும் அவர் முகம் கசப்பு மருந்து குடித்த மாதிரி ஆகும். ஆனால் வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் அக்காவின் பேருக்கு ஆபத்து.

ஒரு தடவை நானும் அவரோடு போயிருந்தேன். களத்தில் கூட்டம். கங்காணியும் அங்கேதான் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா வேலை முடிந்து வெட்டுக்காட்டிலிருந்து நேராக நடந்து வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நானா முன்னால் நின்று, எல்லாரும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"நானா, என் சப்பாத்து தேஞ்சு போச்சு. கொஞ்சம் பாக்குறீங்களா?"

கங்காணியைப் பார்த்தேன். அவர் அக்காவைப் பார்த்தார், தன் குதிகாலைப் பார்த்தார், அப்புறம் ஒன்றும் காதில் விழாதவர் மாதிரி மரத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நானா கையில் இருந்த ஊசி கீழே விழுந்துவிட்டது. "என்ன சொன்னே தங்கச்சி?"

"சப்பாத்துன்னேன்."

"இன்னொரு தரம் சொல்லு."

"சப்பாத்து நானா. நீங்க தெச்சது சப்பாத்துதான். எனக்குத் தெரியாதா?"

அவர் குனிந்து ஊசியைத் தேடினார். ஊசி அவர் காலடியிலேயே கிடந்தது. ஆனாலும் ரொம்ப நேரம் தேடினார்.

அந்தச் சப்பாத்துகளில்தான் அக்கா எத்தனையோ வருஷம் மலை ஏறி இறங்கினாள். என் கல்யாணத்துக்கு ஈப்போவுக்கு வந்து, பந்தியில் நின்று பரிமாறினாள். இன்றைக்கு நானும் என் பிள்ளைகளும் இந்த மண்ணில் இருக்கிறோம் என்றால், அதற்கு நான் கை கூப்ப வேண்டிய கால்கள் இரண்டு ஜோடி. ஒன்று அக்காவுடையது.

நானா போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது. அவர் சொன்னபடியே எனக்கும் இடுப்பு கேட்க ஆரம்பித்துவிட்டது, மூட்டை தூக்கிய அந்த வலது பக்கம்தான். டாக்டர் நல்ல சப்பாத்தாக வாங்கிப் போடச் சொன்னார். போட்டிருக்கிறேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பழைய டவுன் அஞ்சடியில் நடந்து போகும்போது அந்தக் கடை இருந்த இடம் வந்தால், இருக்கிறதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நொண்டிப் பார்க்கிறேன், பின்னால் ஒரு ஜோடிக் கால் அதே மாதிரி நொண்டிக்கொண்டு வருகிறதா என்று.